ஏற்காட்டில் ஒரு ஜாஸ் மாலை: காப்பிக்கு அஞ்சு ஸ்டார், கதைக்கு ரெண்டு

காப்பி அருமை. மிளகுக்கோழி அதைவிட அருமை. ரெக்கார்டு சத்தத்தைப் பத்திச் சொல்லவே வேண்டாம், நம்ம ஜில்லாவில காசு கொடுத்தாலும் இப்படி ஒரு சத்தம் கேட்கக் கிடைக்காது. ஆனா நடுநடுவில ரெக்கார்டு போடற தம்பி மைக்கைப் பிடிச்சு, அமெரிக்க ஜாஸ் ட்ரம்பெட்காரர் லூயி ஆம்ஸ்ட்ராங்கைப் பத்திச் சொல்ற கதை இருக்கே, அதில பாதிக்கு மேல கட்டுக்கதை. ஸ்டார் குறைச்சது அதுக்குத்தான். ஏன்னு விவரமா எழுதறேன். அவ்வளவு நேரம் இல்லாதவங்க கடைசிக்குப் போயிடுங்க, சாப்பாடு, வண்டி விவரமெல்லாம் அங்க இருக்கு.

நான் சேலத்தில குகைங்கற பகுதி. பேண்டு செட்டில ட்ரம்பெட் ஊதறவன். கல்யாண ஊர்வலம், ஆடிப் பண்டிகை, சர்ச் தேர், சாவு, எதுக்குக் கூப்பிட்டாலும் போவோம். இப்ப முன்பல்லு ஆடறதால ஊதறது குறைஞ்சு போச்சு, பசங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறதோட சரி. லூயி ஆம்ஸ்ட்ராங் பாட்டை எங்க மாஸ்டர் ஒரு கேசட்டில போட்டுக் காட்டினார். அன்னைக்குப் புடிச்ச பைத்தியம் இன்னும் விடலை. செல்போன் வந்ததுக்கப்புறம் ஆம்ஸ்ட்ராங்கைப் பத்தி இங்கிலீஷ்ல என்ன கிடைச்சாலும் பையனை உக்காரவெச்சுப் படிச்சு அர்த்தம் சொல்லச் சொல்லுவேன். அவன் சலிச்சுக்குவான், ஆனா சொல்லுவான். இந்த நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்ததும் அவன்தான்.

இடம் நாகலூர் ரோட்டில, காப்பித் தோட்டத்துக்குள்ள ஒரு பழைய ஓட்டு பங்களா. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும். ஒரு ஆளுக்கு 900 ரூபா. போனவுடனே காப்பி, அப்புறம் ரெண்டு மணி நேரம் ரெக்கார்டு, அதுக்கப்புறம் சாப்பாடு. ஒவ்வொரு தடவையும் ஒரு கலைஞரை எடுத்துக்கிட்டு அவர் வாழ்க்கையைச் சொல்லிக்கிட்டே பாட்டுப் போடறாங்க. சுவத்தில போட்டோவும் கீழ சின்ன அட்டையில குறிப்பும் மாட்டி வெச்சிருக்காங்க. நான் போனது ஆம்ஸ்ட்ராங் அன்னைக்கு. கூட உக்காந்திருந்தவங்க முக்கால்வாசி பெங்களூர்க்காரங்க.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். அந்தத் தம்பி ரெக்கார்டைத் தொடற விதமே தனி. ஓரத்தை மட்டும் ரெண்டு உள்ளங்கையில தாங்கி எடுக்கறார், லைட்டுக்கு நேரா சாய்ச்சுப் பாக்கறார், பிரஷ்ஷை ஒரே சுத்தில வழிச்சு எடுத்துட்டு ஊசியை இறக்கறார். ஏற்காட்டு ஈரத்துக்கு ரெக்கார்டு அட்டையெல்லாம் பூஞ்சை புடிச்சுப் போகும். இங்க ஒரு அட்டையில கூட அந்த வாசனை இல்லை. அலமாரிக்குள்ள ராத்திரி பகல் ஒரு பல்பு எரியுதாம், ஈரம் அண்டாம இருக்க. பாட்டு ஆரம்பிச்சா கொம்புக்குள்ள காத்து திரும்பற இடம் வரைக்கும் கேட்குது. என்கிட்ட இருக்கறது மீரட்ல செஞ்ச பித்தளை ட்ரம்பெட். அதையும் இந்த ரூம்ல வெச்சு ஊதிப் பாக்கணும்னு ஆசையா இருந்துச்சு, கேட்கத்தான் கூச்சம்.

சரி, கதைக்கு வருவோம்.

முதல் அட்டையிலேயே "1900 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினத்தன்று பிறந்தார்"னு இருக்கு. தம்பி அதைச் சொன்னதும் எல்லாரும் கை தட்டினாங்க. இதை முழுப் பொய்னு சொல்ல எனக்கும் மனசு வரலை, ஏன்னா ஆம்ஸ்ட்ராங்கே சாகற வரைக்கும் அதைத்தான் சொன்னார். 1918ல ராணுவத்துக்குப் பேர் பதியறப்பவும் அதே தேதிதான். ஆனா 1980கள்ல டாட் ஜோன்ஸ்ங்கற ஆராய்ச்சியாளர் நியூ ஆர்லியன்ஸ்ல ஒரு கத்தோலிக்க சர்ச்சோட ஞானஸ்நானப் பதிவேட்டில இருந்து நிஜத் தேதியைக் கண்டுபுடிச்சார். பிறந்தது 1901 ஆகஸ்ட் 4. ஞானஸ்நானம் அதே மாசம் 25. பேருக்குப் பக்கத்தில லத்தீன்ல ஒரு குறிப்பு: கறுப்பர், முறையில்லாம பிறந்தவர். மூணு வாரக் குழந்தையைப் பத்தி எழுதி வெக்க அந்தப் பதிவேட்டுக்குத் தோணினது அவ்வளவுதான்.

எங்க வயசுக்காரங்களுக்கு இதில ஆச்சரியமே கிடையாது. எங்க தெருவில பாதிப் பேருக்கு சர்டிபிகேட்ல பிறந்த நாள் மே மாசம், இல்லைன்னா ஜூன் மாசம். ஒன்னாவதில சேக்கறப்ப ஹெட்மாஸ்டர் பேனா போன போக்குக்குப் போட்ட தேதி. எங்கம்மாவைக் கேட்டா "பெருமழை பெஞ்சு ஓடை உடைஞ்ச வருஷம், கார்த்திகைக்கு முந்தின வாரம்"பாங்க. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு யார் தேதி குறிச்சு வெச்சாங்க? ஆம்ஸ்ட்ராங் நல்ல நாளாப் பாத்து எடுத்துக்கிட்டார்னு கூட நான் சொல்ல மாட்டேன், அவங்கம்மா சொன்னதை நம்பியிருக்கலாம். அவர் செத்தது 1971 ஜூலை 6. எழுபத்தொண்ணு முடிஞ்சு ரெண்டாம் நாள்னு அவர் நினைச்சுக்கிட்டிருந்தார். பதிவேட்டுக் கணக்குப்படி எழுபது ஆகறதுக்கே இன்னும் ஒரு மாசம் பாக்கி இருந்துச்சு. சுதந்திர தினக் கதையைவிட எனக்கு இதுதான் மனசுல நிக்குது. அட்டையில ரெண்டு தேதியையும் போட்டிருந்தா என்ன குறைஞ்சு போகும்?

அடுத்தது வாட்ஸ்அப்பில சுத்தற கதை. அநாதையாத் திரிஞ்ச கறுப்புப் பையனை ஒரு யூதக் குடும்பம் தத்தெடுத்து வளர்த்துச்சாம். மைக்கைப் பிடிச்சுக்கிட்டு இதைச் சொல்றப்ப தம்பிக்குக் குரலே தழுதழுத்துச்சு. அவங்கம்மா மேயான் 1927 வரைக்கும் உயிரோட இருந்தாங்க. கூடப் பிறந்த தங்கச்சி ஒருத்தி இருந்தா. கஷ்டம்தான், அப்பா விட்டுட்டுப் போயிட்டார், பாட்டி வீட்டில கொஞ்ச காலம், அம்மா வீட்டில கொஞ்ச காலம். ஆனா பெத்தவ இருக்கறப்பவே அநாதையாக்கறது என்ன நியாயம்?

நிஜத்தில நடந்தது இதைவிட அழகு. லித்துவேனியாவில இருந்து வந்த கர்னாஃப்ஸ்கிங்கற குடும்பம் பழைய சாமானும் கரியும் வண்டியில வித்துச்சு. பையன் அந்த வண்டியில கூலி வேலைக்குப் போனான். நம்ம ஊர்ல "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்"னு கத்திக்கிட்டு வருவாங்கல்ல, அது மாதிரி தெருவுக்குத் தெரு ஆளைக் கூப்பிடறதுக்கு இந்தப் பையன் ஒரு தகரக் கொம்பை ஊதினான். ராத்திரி அவங்க வீட்டிலேயே சாப்பிட வெச்சாங்க, அந்தம்மா குழந்தைக்குப் பாடற தாலாட்டைக் கூடச் சேர்ந்து பாடினான். அடகுக் கடையில அஞ்சு டாலருக்கு ஒரு பழைய கார்னெட், அதாவது ட்ரம்பெட் மாதிரியே கொஞ்சம் குட்டையான கொம்பு, கிடந்துச்சு. அதுக்கு அவங்க முன்பணம் கொடுத்தாங்க, மிச்சத்தை வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாக் கட்டினான். இதையெல்லாம் 1969ல நியூயார்க்ல ஆஸ்பத்திரியில படுத்திருக்கறப்ப அவரே கைப்பட எழுதி வெச்சிருக்கார். கழுத்தில யூத நட்சத்திரம் போட்டுக்கிட்டிருந்ததும் நிஜம். சம்பளம் கொடுத்த இடத்தில சோறும் போட்டாங்க, அதை அறுபது வருஷம் மறக்கலை. இதுக்கு மேல தத்து எதுக்குங்க?

அப்புறம் துப்பாக்கிக் கதை. 1912 டிசம்பர் 31 ராத்திரி, ஊரே பட்டாசு வெடிக்குது, இவன் ஒரு ரிவால்வரை எடுத்து வானத்தைப் பாத்துச் சுட்டான். மறுநாளே சீர்திருத்தப் பள்ளி. இது அப்படியே நிஜம். ஆனா தம்பி அதோட ரெண்டு சேர்த்தார்: அதுதான் அவன் செஞ்ச முதல் தப்பு, அங்கதான் முதமுதலா கொம்பைத் தொட்டான். அந்தச் சமயத்துப் பேப்பர்லயே இவனைப் பழைய ஆள்னு போட்டிருக்கு. 1910லயே, ஒம்போது வயசுல, புடிச்சு உள்ள வெச்சதுக்குப் பதிவு இருக்கு. கொம்பை வண்டியிலயே தொட்டாச்சு. அந்தப் பள்ளியில நடந்தது வேற. பீட்டர் டேவிஸ்னு ஒரு பேண்டு மாஸ்டர். அவர் எடுத்தவுடனே கார்னெட்டைக் கொடுக்கலை. முதல்ல கஞ்சிரா மாதிரி இருக்கற டாம்பரின், அப்புறம் டிரம், அப்புறம் ஆல்ட்டோ ஹார்ன், பியூகிள், அதெல்லாம் தாண்டித்தான் கார்னெட். நல்ல மாஸ்டர்னா இப்படித்தான் செய்வார். என்கிட்ட வர்ற பசங்க முதல் நாளே சினிமாப் பாட்டு ஊதணும்பாங்க. ரெண்டு மாசம் சைடு டிரம்முக்குப் பின்னாடி நடக்க விட்டாத்தான் கால்ல தாளம் வரும்.

எனக்கு நிஜமாவே கோவம் வந்தது இதுக்கு அடுத்ததில. "ஒரு நோட்டு கூடப் படிக்கத் தெரியாது, எல்லாம் கடவுள் கொடுத்த வரம்"னார். பேண்டுக்காரன் எவனைக் கேட்டாலும் சொல்லுவான், இந்த வார்த்தை எங்களை எத்தனை இடத்தில கீழ தள்ளியிருக்குன்னு. "உங்களுக்கென்ன, கேள்வி ஞானம், காதில விழுந்ததை ஊதறீங்க." நோட்டு எழுதி, இடமாத்தி, கிளாரினெட்டுக்குத் தனி, யூபோனியத்துக்குத் தனின்னு ராத்திரியெல்லாம் உக்காந்து எழுதற மாஸ்டரை யாருக்கும் தெரியாது.

ஆம்ஸ்ட்ராங் சின்ன வயசுல காதை வெச்சுத்தான் ஊதினார், அது வரைக்கும் சரி. ஆனா 1919ல இருந்து 1921 வரைக்கும் மிசிசிப்பி ஆத்தில போற ஸ்ட்ரெக்ஃபஸ் கம்பெனி நீராவிக் கப்பல்ல, ஃபேட் மாரபிள்ங்கறவரோட பேண்டில வேலை பாத்தார். அந்த பேண்டில காகிதத்தைப் பாத்து வாசிக்கணும், ஒத்திகைக்கு நேரத்துக்கு வரணும், பிசகினா எல்லார் முன்னாடியும் திட்டு. மெலஃபோன்ங்கற கொம்பு வாசிச்ச டேவிட் ஜோன்ஸ்னு ஒருத்தர் ஓய்வு நேரத்தில இவரை உக்காரவெச்சு நோட்டுப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். அந்தப் படிப்பு இல்லாம 1924ல நியூயார்க் போய் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் பேண்டில உக்காந்திருக்கவே முடியாது. அங்க எல்லாமே எழுதின பாட்டுதான். அந்தக் கப்பலைப் பத்தி அட்டையில ஒரு வரி இல்லை. வரம்னு சொல்லிட்டா உழைச்ச மூணு வருஷம் காணாமப் போயிடுது, சொல்லிக் கொடுத்த ஆளும் காணாமப் போயிடறார்.

நடுவில ஒரு கிளைக் கதை. ஆம்ஸ்ட்ராங்குக்கு முந்தின தலைமுறையில பட்டி போல்டன்னு ஒரு கார்னெட் ராஜா இருந்தார், அவர் ஊதினா பன்னிரண்டு மைல் கேட்குமாம். கூட்டம் "ஓ"ன்னுச்சு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. நாங்க உக்காந்திருந்த இடத்தில இருந்து சேலம் டவுன், மலைப்பாதையை விட்டுட்டு நேர்கோட்டில பாத்தா, பதினஞ்சு கிலோமீட்டருக்குள்ளதான். அதாவது ஒம்போது மைல் சொச்சம். போல்டன் பகோடா பாயிண்ட்ல நின்னு ஊதினா குகையில எங்க வீட்டுக்காரி எழுந்து கதவைத் திறக்கணும். பன்னிரண்டு மைல் கணக்கு ஜெல்லி ரோல் மார்ட்டன்ங்கற ஜாஸ் பியானோக்காரர் அளந்தது. அந்த மனுஷன் ஜாஸையே 1902ல தான்தான் கண்டுபுடிச்சேன்னு சொன்னவர். போல்டன் ஊதின பார்க் நியூ ஆர்லியன்ஸ் ஊருக்குள்ளதான் இருந்துச்சு, டவுன்ல இருந்து அவ்வளவு தூரமே கிடையாது. அமைதியான ராத்திரியில, தண்ணி மேல சத்தம் போனா ஒரு மைல், ரெண்டு மைல் கேட்கும், அது நானே பாத்தது. போல்டன் வாசிச்ச ரெக்கார்டு ஒன்னு கூடக் கிடைக்கலை, போட்டோவும் ஒன்னே ஒன்னுதான். 1907ல மனநல ஆஸ்பத்திரியில சேத்தாங்க, 1931ல அங்கயே செத்தார். முடிதிருத்தற கடை வெச்சிருந்தார், பத்திரிகை நடத்தினார்னு 1939ல வந்த ஒரு புஸ்தகம் எழுதி வெச்சுது. அப்புறம் டொனால்ட் மார்க்விஸ்ங்கறவர் பழைய ரிக்கார்டுகளைத் தேடி எடுத்து, ரெண்டும் இல்லைன்னு 1978ல காட்டினார். சத்தம் மிச்சம் இல்லாத ஆளுக்கு மைல் கணக்கு ஏறிக்கிட்டே போகும். ஆம்ஸ்ட்ராங் அஞ்சு வயசுல போல்டன் ஊதினதைக் கேட்டேன்னு எழுதியிருக்கார். போல்டன் 1906 வரைக்கும் ஊதினார், இவன் 1901ல பிறந்தான், கணக்கு ஒட்டுது.

இப்ப முக்கியமான இடம். 'ஹீபி ஜீபீஸ்'ங்கற பாட்டு. 1926 பிப்ரவரி 26, சிகாகோவில ஓக்கே கம்பெனிக்காகப் பதிஞ்சது. ஆம்ஸ்ட்ராங் கார்னெட், கிட் ஓரி ட்ராம்போன், ஜானி டாட்ஸ் கிளாரினெட், ஜானி செயின்ட் சீர் பாஞ்ஜோ, லில் ஹார்டின் பியானோ. இந்த அஞ்சு பேர் செட்டுக்குப் பேர்தான் 'ஹாட் ஃபைவ்'. (அட்டையில ட்ரம்பெட்னு இருக்கு தம்பி, கார்னெட்னு மாத்துங்க.) கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். பாடிக்கிட்டிருக்கறப்ப பாட்டு எழுதின தாள் கையில இருந்து நழுவிக் கீழ விழுந்துச்சாம், வார்த்தை தெரியாம வாய்க்கு வந்ததைப் பாடினாராம், வார்த்தையில்லாம வெறும் சத்தத்தாலயே பாடற ஸ்கேட் பாட்டு அங்கதான் பிறந்துச்சாம். ஆம்ஸ்ட்ராங்கே பல தடவை சொன்ன கதை, கூட வாசிச்சவங்களும் ஆமான்னாங்க.

பிறந்துச்சுங்கறது நிச்சயமாத் தப்பு. 1911லயே ஜீன் கிரீன்ங்கற பாடகர் இதை ரெக்கார்டில பண்ணியிருக்கார். 1924ல டான் ரெட்மன் ஹெண்டர்சன் பேண்டோட பண்ணியிருக்கார். அப்ப ஆம்ஸ்ட்ராங் அந்த பேண்டுக்கு இன்னும் வரக்கூட இல்லை. தாள் விழுந்துச்சா இல்லையாங்கறதுக்கு அந்த ரெக்கார்டுதான் சாட்சி. தம்பிகிட்டச் சொல்லி அந்தப் பாட்டை மறுபடி போடச் சொன்னேன். அவர் முகம் சுளிக்காமப் போட்டார், அதுக்கு ஒரு ஸ்டார் தனியாவே கொடுக்கலாம்.

கவனிச்சுக் கேளுங்க. முதல் சுத்து வார்த்தையோட பாடறார். ரெண்டாவது சுத்தில வார்த்தை போயிடுது, "ஈஃப், கஃப்"னு சத்தமா மாறுது. தாளைத் தவற விட்டவன் குரல்ல ஒரு தடுமாத்தம் வரும், ஒரு கால் மாத்திரையாவது பிந்தும். எங்க செட்டிலயும் பாடற பையன் மேடையில பல்லவி மறந்து முழிச்சிருக்கான். அந்தக் கால் மாத்திரை எனக்கு நல்லாத் தெரியும். இங்க அது இல்லை. சத்தத்தை எங்க ஏத்தணும், எங்க இழுத்துப் பிடிச்சு விடணும்னு கார்னெட்ல ஊதற மாதிரியே வாயில ஊதறார். அந்தச் சுத்து முடிஞ்சதும் திரும்ப வார்த்தைக்கு வந்துடறார். விழுந்த தாளை யாரு எடுத்துக் கொடுத்தாங்க? அது மட்டுமில்லை, வார்த்தை மறந்தவன் சத்தத்துக்கு ஓடினா ரெண்டு அடியில மூச்சு வாங்கும். இவர் ஒரு முழுச் சுத்து நிறைக்கறார். தாள் விழுந்ததே இல்லைன்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா விழுந்ததால வந்த பாட்டு இல்லை, அது என் காதுக்குத் தெரியுது. இதுக்கு முன்னாடி தெருவில, கப்பல்ல, கிளப்பில எவ்வளவோ தடவை பாடிப் பாடிப் பழகின வாய் அது.

அப்ப ஏன் அவரே அந்தக் கதையைச் சொன்னார்? பேட்டி எடுக்க வர்றவனுக்குப் பழக்கத்தைப் பத்திச் சொன்னா எழுத மாட்டான், தாள் விழுந்துச்சுன்னா எழுதுவான். கல்யாண வீட்டில நாங்களும் இப்படி அளக்கறதுதான்.

மேடையில அவர் கையில வெச்சிருக்கற கைக்குட்டையைப் பத்தி அட்டை ஒன்னு இருக்கு: "அவருடைய தனி ஸ்டைல்." ஸ்டைல்தான், ஆனா உயரமான ஸ்தாயியில மணிக்கணக்கில ஊதறவனுக்கு வேர்வை வழிஞ்சு மவுத்பீஸ் உதட்டில வழுக்கும், அதைத் துடைக்கத்தான் அந்தக் கைக்குட்டை. வழுக்கினா பல்லுக்கும் வளையத்துக்கும் நடுவில உதட்டுத் தசை நசுங்கும். அவருக்கு நசுங்கிக் கிழிஞ்சுது. 1935ல மாசக்கணக்கில கொம்பைத் தொடாம இருந்தார். ஜெர்மன்காரர் ஒருத்தர் செஞ்ச உதட்டுக் களிம்பைக் கடைசி வரைக்கும் கூடவே வெச்சிருந்தார். உதட்டு வளையத் தசை கிழியறதுக்கு 1982ல டாக்டருங்க 'சாட்ச்மோ சிண்ட்ரோம்'னு அவர் பட்டப்பேரையே வெச்சாங்க. அவரோட நெருக்கத்தில எடுத்த போட்டோவில மேல் உதட்டு நடுவில தழும்பு தெரியும். அந்த போட்டோ இங்க மூணாவது ஜன்னலுக்குப் பக்கத்தில மாட்டியிருக்கு, ஆனா தம்பி அதைக் காட்டவே இல்லை.

"அரசியல் பேசாத, எப்போதும் சிரித்த முகம்"னு இன்னொரு அட்டை. இதைக் கழட்டிடலாம். 1957 செப்டம்பர்ல அர்கன்சாஸ் மாநிலம் லிட்டில் ராக்ல, வெள்ளைக்காரப் பிள்ளைங்க மட்டும் படிச்ச பள்ளிக்கூடத்துக்குப் போக வந்த ஒம்போது கறுப்புப் பிள்ளைங்களை அந்த மாநில கவர்னர் துப்பாக்கிக்காரங்களை வெச்சுத் தடுத்தப்ப, ஆம்ஸ்ட்ராங் வடக்கு டகோட்டாவில ஒரு சின்ன ஊர்ல கச்சேரிக்கு இருந்தார். கல்லூரியில படிச்சுக்கிட்டே பேப்பருக்கு எழுதின லாரி லுபினோங்கற பையன் ஓட்டல் ரூமுக்கே போய்க் கேட்டான். ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு முதுகெலும்பு இல்லைங்கற மாதிரி பொரிஞ்சு தள்ளிட்டார். அரசாங்கம் சார்பா ரஷ்யாவுக்குப் போக இருந்த பயணத்துக்கும் போக மாட்டேன்னுட்டார். செய்தி ஆசிரியர் நம்பாம அந்தப் பையன்கிட்ட ஆதாரம் கேட்டார். மறுநாள் எழுதினதைக் கொண்டுபோய்க் காட்டினா, ஆம்ஸ்ட்ராங் ஒரு வார்த்தை மாத்தாம கீழ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சிரிச்ச முகத்துக்காரர் செஞ்ச வேலை இது. அதுக்குக் கச்சேரிகளும் போச்சு, திட்டும் விழுந்துச்சு.

'வாட் எ ஒண்டர்ஃபுல் வேர்ல்டு' வந்தவுடனே உலகமே கொண்டாடினதாச் சொன்னார். 1967ல பதிஞ்சது, இங்கிலாந்தில முதல் இடம், அமெரிக்காவில ஆயிரம் கூட விக்கலை, கம்பெனித் தலைவருக்கே புடிக்காததால விளம்பரமே பண்ணலை. 1987ல ஒரு சினிமாவில வந்தப்புறம்தான் அங்க ஓடுச்சு. அவர் போய்ச் சேர்ந்து பதினாறு வருஷம் ஆயிருந்துச்சு.

இவ்வளவும் சொன்னவர் லில் ஹார்டினை ஒரே வரியில முடிச்சுட்டார்: "மனைவியும் பியானோ வாசிப்பார்." கிங் ஆலிவர் பேண்டில ரெண்டாம் கார்னெட்டாவே உக்காந்துகிட்டிருந்த மனுஷனை "நீ முதல் ஆளா இருக்க வேண்டியவன்"னு கிளப்பி விட்டது அந்தம்மா. 1923ல ஆலிவர் பேண்டு மைக் இல்லாம ஒரு பெரிய கூம்புக்கு முன்னாடி நின்னு ரெக்கார்டு பண்ணினப்ப, இவர் சத்தம் மத்தவங்களை அமுக்குதுன்னு இவரை மட்டும் தள்ளி மூலையில நிறுத்தினாங்கன்னு சொன்னதும் அந்தம்மாதான். அதையும் கட்டுக்கதைங்கறவங்க இருக்காங்க. நான் நம்பறேன். எங்க செட்டில போட்டோக்காரன் வீடியோ எடுக்கறப்ப என்னைத்தான் முதல்ல பின்னாடி போகச் சொல்லுவான்.

பிரிஞ்சு ரொம்ப வருஷம் ஆயிட்டாலும் ஆம்ஸ்ட்ராங் செத்ததும் லில் சாவுக்குப் போனாங்க. அடுத்த மாசம், 1971 ஆகஸ்ட் 27, சிகாகோவில அவர் நினைவுக்கு ஒரு கச்சேரி. பியானோவில வாசிச்சுக்கிட்டிருக்கறப்பவே சரிஞ்சு விழுந்து போய்ச் சேர்ந்தாங்க. நான் சொன்னப்ப சாப்பாட்டு மேசையில ஒருத்தர் "சார், இது சினிமா மாதிரி இருக்கே, நீங்க இட்டுக்கட்டலையே?"ன்னார். கேட்டாப் பொய் மாதிரி இருக்கறது இது ஒன்னுதான், இதுதான் நடந்தது. தேதி போட்டுப் பேப்பர்ல வந்தது. இதை விட்டுட்டுத் தாள் விழுந்த கதையைச் சொல்லிக்கிட்டிருக்கார் இந்தத் தம்பி.

சாப்பிட்டு முடிச்சு கை கழுவறப்ப பக்கத்தில வந்து நின்னார். நல்ல பிள்ளை, கோவமே இல்லை.

"அண்ணா, நான் ரெக்கார்டு அட்டைக்குப் பின்னாடி போட்டிருக்கறதைத்தான் படிச்சுச் சொல்றேன். எது நிஜம், எது கதைன்னு நீங்க எப்படிப் பிரிக்கறீங்க?"

"சம்பவம் நடந்தப்பவே, அவரைப் பெருசா நினைக்காத ஒருத்தன் எழுதி வெச்சிருந்தா அதைப் பெருசா எடுத்துக்கறேன் தம்பி. பாதிரியார், போலீஸ்காரன், பேப்பர்காரன். நாப்பது வருஷம் கழிச்சு மேடையில சொன்னதுன்னா, யாரு கேட்டாங்க, எதுக்குச் சொன்னாருன்னு பாக்கறேன். அப்புறம் உதடும் மூச்சும் அதுக்கு ஒத்துவருமான்னு பாக்கறேன்."

"கப்பல்ல நோட்டுப் படிச்சதைச் சொன்னா ஜனங்க கேட்பாங்களா அண்ணா?"

"சொல்லிப் பாருங்க. கேட்கலைன்னா மிளகுக்கோழியைக் கொஞ்சம் முன்னாடி எடுத்து வைங்க."

சிரிச்சார். "ரிவியூல மட்டும் போட்டுடாதீங்கண்ணா"ன்னார். போட்டுட்டேன் தம்பி, மன்னிச்சுக்கங்க. உங்க மேல இருக்கற அக்கறையிலதான்.

இனி போறவங்களுக்கு. காப்பி அவங்க தோட்டத்துக் கொட்டையே, டிகாஷன் திக்கா இருக்கு, சர்க்கரையைத் தனியாத் தர்றாங்க. கோழியில மிளகு தூக்கலா இருக்கும், அது தோட்டத்தில சில்வர் ஓக் மரத்தில ஏறின கொடியில இருந்து பறிச்சது. குழந்தைங்களுக்கு ஆகாது, தயிர் கேட்டு வாங்கிக்கங்க. சைவத்துக்குக் காளான் வறுவல், சுமார்தான். சப்பாத்தி ஆறிப் போச்சு. ஜன்னல் ஓரத்து நாற்காலி வேண்டாம், பனி உள்ள வந்து முதுகு விறைச்சுடும், ஸ்பீக்கருக்கு நேரா ரெண்டாவது வரிசைதான் சரியான இடம். வயசானவங்களுக்கு ஒரு குறை: பாத்ரூம் வெளியில, படி இறங்கிப் போகணும், லைட்டு மங்கல்.

நிகழ்ச்சி முடிய ராத்திரி ஆயிடும், பஸ்ஸை நம்பி வராதீங்க. சொந்த வண்டியில வர்றவங்க இருபது கொண்டை ஊசி வளைவையும் பனியில இறங்கத் தெரிஞ்ச டிரைவரை வெச்சுக்கங்க, இல்லைன்னா ஏற்காட்டிலேயே ரூம் போட்டுத் தங்கிடுங்க. சனிக்கிழமை ரூம் வாடகை ஏறியிருக்கும், மே மாசக் கோடை விழா சமயத்தில சொல்லவே வேண்டாம். முன்பதிவு போன்லதான். ஆம்ஸ்ட்ராங் அன்னைக்குப் போனீங்கன்னா ஹாட் ஃபைவ் ரெக்கார்டு எல்லாத்தையும் போடச் சொல்லுங்க, பியானோவை மட்டும் தனியாக் காது கொடுத்துக் கேளுங்க. கேட்டா முகம் சுளிக்காமப் போடுவார்.